கதவருகே கிடந்த கம்பிகள்

கழுத்து வலிக்காக எம்.ஆர்.ஐ எடுக்கச் சென்றிருந்தபோது ஒரு படிவத்தைக் கொடுத்து நிரப்பச் சொன்னார்கள். பேஸ்மேக்கர் இருக்கிறதா, காதுக்குள் ஏதேனும் கருவி பொருத்தியிருக்கிறதா, உடலில் எங்காவது உலோகத் தகடு உண்டா என்று வரிசையாக வந்த கேள்விகளுக்கெல்லாம் யோசிக்காமல் ‘இல்லை’ என்று குறித்துக்கொண்டே வந்தவன், ஒரு கேள்வியில் நின்றுவிட்டேன். உலோகத்தை வெட்டும் அல்லது கிரைண்டிங் செய்யும் வேலையில் ஈடுபட்டதுண்டா, எப்போதாவது கண்ணில் உலோகத் துகள் பட்டதுண்டா என்று அது கேட்டது. வீட்டுப் பட்டறையில் பழைய கைக்கருவிகளைத் துருநீக்கிச் சீர்செய்வது பல ஆண்டுகளாக என் பொழுதுபோக்கு. துருவைத் தேய்த்தெடுக்கும் வட்டக் கம்பிப் பிரஷான ஒயர் வீல் வாரத்தில் ஒரு நாளாவது சுழலாமல் இருந்ததில்லை. இரண்டு ஆண்டுகளுக்கு முன் ஒருநாள் வலது கண்ணில் சுருக்கென்று ஏதோ குத்தியதும், தண்ணீரில் கழுவியதும், மறுநாள் உறுத்தல் அடங்கிவிட்டதால் அதை மறந்துவிட்டதும் அந்த வரியைப் படித்தபோதுதான் நினைவுக்கு வந்தன.

‘ஆம்’ என்று குறித்ததும் ஸ்கேன் அறைக்குள் விட மறுத்துவிட்டார்கள். முதலில் கண்குழிகளை எக்ஸ்ரே எடுத்துப் பார்க்க வேண்டும் என்றார் அங்கிருந்த பெண். காரணத்தையும் பொறுமையாக விளக்கினார். கண்ணுக்குள் தங்கிவிட்ட இரும்புத் துணுக்கு ஆண்டுக்கணக்கில் எந்தத் தொல்லையும் தராமல் இருக்கலாம். ஆனால் ஸ்கேன் எந்திரத்தின் காந்தப்புலத்துக்குள் சென்றவுடன் அது நகர்ந்து உள்ளே இருப்பதைக் கிழித்துவிடக்கூடும். பின்னர் தேடிப் படித்தபோது, உலோகத் தகடு வேலை செய்துவந்த ஒருவர் இப்படித்தான் ஸ்கேனுக்குப் பின் ஒரு கண்ணின் பார்வையை இழந்தார் என்பதை 1986-லேயே ஒரு மருத்துவ இதழ் பதிவு செய்திருப்பதைக் கண்டேன். எனக்கு எக்ஸ்ரேயில் ஒன்றும் தெரியவில்லை. ஸ்கேனும் நல்லபடியாக முடிந்தது. ஆனால் எக்ஸ்ரே முடிவுக்காகக் காத்திருந்த அந்த அரை மணி நேரத்தில் எழுந்த கேள்வி வீடு திரும்பிய பிறகும் போகவில்லை. நான் கவனக்குறைவாக வேலை செய்பவன் அல்லன். அப்படியிருக்க, இவ்வளவு சாதாரணமான ஒரு கருவியிடம் மட்டும் எப்படி இத்தனை அசட்டையாக இருந்தேன்?

எனக்கு இந்த வேலையைக் கற்றுக்கொடுத்தவர் அப்பா. சாணைக்கல் என்றால் அவரிடம் ஒரு பயபக்தி உண்டு. புதுக் கல்லை எந்திரத்தில் மாட்டுவதற்கு முன் ஒரு விரலில் தொங்கவிட்டு, ஸ்குரூடிரைவரின் மரப்பிடியால் மெல்லத் தட்டிக் காதைக் கொடுத்துக் கேட்பார். மணி போல ஒலித்தால் நல்ல கல். மொத்தென்று ஒலித்தால் உள்ளே விரிசல், அது நேராகக் குப்பைக்குப் போகும். மாட்டிய பிறகும் சுவிட்சைப் போட்டுவிட்டு ஒரு நிமிடம் பக்கவாட்டில் ஒதுங்கி நின்ற பின்னரே வேலையைத் தொடங்குவார். பொருளை வைத்துப் பிடிக்கும் தாங்கிக்கும் கல்லுக்கும் இடையே 3 மி.மீ. இடைவெளிக்கு மேல் போனால் கடிந்துகொள்வார். அதே எந்திரத்தின் மறுமுனையில் ஒயர் வீல் சுழலும்போது மட்டும் இந்த ஒழுங்கெல்லாம் கரைந்துவிடும். கண்ணாடியைத் தேடிக்கொண்டு நான் நின்ற ஒரு நாளில், ‘அது பிரஷ்தானடா, இந்த ரெண்டு நிமிஷ வேலைக்கு எதுக்கு?’ என்று அவர் கேட்டது இன்றும் காதில் இருக்கிறது. அவரைக் குறை சொல்வதற்காக இதை எழுதவில்லை. அந்தச் சொல்லை நானும் முழுமையாக நம்பினேன் என்பதற்காகவே எழுதுகிறேன்.

கல் என்றால் உடையும் என்று மனம் தானாகவே எச்சரிக்கையாகிறது. பிரஷ் என்றதும் பல் துலக்குவதும் சட்டையைத் துடைப்பதும்தான் நினைவுக்கு வருகின்றன. அந்தப் பெயருக்குள் ஒரு மென்மை ஒளிந்திருக்கிறது; நம்மை அசரவைப்பது அதுதான் என்று இப்போது நினைக்கிறேன்.

காந்தத்தோடு ஒரு மாலை

அந்த வார இறுதியில் பட்டறையைத் திறந்தபோது வேலை எதையும் தொடங்கவில்லை. பழைய ஸ்பீக்கர் ஒன்றிலிருந்து கழற்றி வைத்திருந்த வட்டக் காந்தத்தை ஒரு பிளாஸ்டிக் பைக்குள் போட்டு, அதைக் கையில் பிடித்துக்கொண்டு அறை முழுவதையும் தடவத் தொடங்கினேன். பைக்குள் காந்தத்தைப் போடுவதில் ஒரு வசதி உண்டு. இரும்புத்தூள் பையின் வெளிப்புறத்தில்தான் ஒட்டும். பையை உட்புறமாகத் திருப்பினால் எல்லாம் அதற்குள் விழுந்துவிடும், காந்தம் சுத்தமாக நிற்கும். நான் தேடியது தூளை அன்று. ஒயர் வீலிலிருந்து உதிர்ந்த கம்பிகளை மட்டும் பிரித்தெடுத்து, அவை எங்கே கிடந்தன என்பதை ஒரு தாளில் அறையின் படம் வரைந்து புள்ளி வைத்துக் குறித்துக்கொள்வது என்று முடிவு செய்திருந்தேன். தரையை நான் ஒழுங்காகப் பெருக்குபவன் என்பதால் பத்துப் பதினைந்து கிடைக்கலாம், அவையும் எந்திரத்தின் காலடியிலேயே இருக்கும் என்றுதான் எதிர்பார்த்தேன்.

மொத்தம் 63 கம்பிகள் கிடைத்தன. எந்திரத்தின் அடியிலும் அதற்கு நேர் முன்னால் நான் நிற்கும் இடத்திலும் கிடந்தவை பாதிக்கும் குறைவு. மற்றவை, எனக்குப் பின்னால் உள்ள அலமாரியின் மேல்தட்டில், பக்கச் சுவரோரம் அடுக்கியிருந்த பலகைகளின் இடுக்கில், பொருளை இறுக்கிப் பிடிக்கும் வைஸின் தாடைகளுக்குள், ஜன்னல் விளிம்பில் என்று எங்கும் பரவியிருந்தன. வேலை செய்யும்போது நான் அணியும் பருத்திச் சட்டையின் மார்புப் பகுதியில் நெசவோடு நெசவாக நான்கு கம்பிகள் குத்தி நின்றன. அந்தச் சட்டை எத்தனையோ முறை வீட்டுத் துணிகளோடு சேர்ந்து துவைக்கப்பட்டிருக்கிறது. காதுகளை மூடும் மஃப்பின் பஞ்சுக்குள் ஒன்று இருந்தது. அதைத் தொட்டபோது, இது இவ்வளவு காலமும் என் காதோரத்தில் ஒரு விரற்கடை தள்ளி இருந்திருக்கிறதே என்று உடல் ஒருமுறை சிலிர்த்தது.

ஆனால் என்னை உட்கார வைத்தவை வேறு இரண்டு. முதலாவது, ஜன்னலின் மரச்சட்டத்தில் குத்தி நின்ற ஒரு கம்பி. காந்தத்துக்கு அது வரவில்லை. கண்ணில் பட்டுத்தான் கண்டுபிடித்தேன். விரலால் இழுத்துப் பார்த்தும் வராமல், கடைசியில் பிளையரால் பிடுங்க வேண்டியிருந்தது. அது மரத்துக்குள் புகுந்திருந்த ஆழத்தைவிட அது நின்ற உயரம்தான் என்னைத் தாக்கியது. மேசையில் திருகி வைத்த எந்திரமான பெஞ்ச் கிரைண்டர் முன் வழக்கமாக நிற்பதுபோல் நின்று திரும்பிப் பார்த்தால், அந்த இடம் என் இடது காதுக்கு நேர் பின்னால் வருகிறது. எந்திரத்திலிருந்து கிளம்பிய அந்தக் கம்பி என் முகத்தை ஒட்டியே கடந்திருக்க வேண்டும். என்றைக்கு, எந்த வேலையின் நடுவில் என்பது எனக்குத் தெரியாது. தெரியாமலே கடந்திருக்கிறது என்பதுதான் பெரிய விஷயம்.

இரண்டாவது, கதவருகே கிடக்கும் முக்காலி. எந்திரத்திலிருந்து அது ஆறேழு அடி தள்ளி இருக்கிறது. மாலை நேரங்களில் அப்பா வந்து அதில் அமர்ந்து நான் செய்வதைப் பார்த்துக்கொண்டிருப்பார். அதன் மேல் போட்டிருந்த துணி மெத்தையில் காந்தத்தை வைத்தபோது மூன்று கம்பிகள் எழுந்து வந்தன. முக்காலியின் காலடியில் இன்னும் இரண்டு. நான் பாதுகாப்புக் கண்ணாடி அணிந்து வேலை செய்த நாள்களில்கூட, வெறும் படிக்கும் கண்ணாடியோடு, சில நாள் அதுவும் இல்லாமல், அப்பா அங்கே உட்கார்ந்திருந்தார். எனக்காக யோசித்ததில் பாதியைக்கூட நான் அவருக்காக யோசித்திருக்கவில்லை. அந்தப் படத்தாளில் கதவருகே ஐந்து புள்ளிகளை வைத்தபோதுதான், இதுவரை பாதுகாப்பு என்று நான் கருதிவந்தது எவ்வளவு குறுகியது என்று புரிந்தது.

உதிர்வது அதன் இயல்பு

சாணைக்கல் உடைந்தால் அது விபத்து. சரியான கல்லை, சரியான வேகத்தில், சரியாகப் பயன்படுத்தினால் அது உடையாது. ஒயர் வீல் அப்படி அன்று. மிகத் தரமான வீலாக இருந்தாலும், மிகப் பொறுமையான கையாக இருந்தாலும், அது கம்பிகளை உதிர்த்தே தீரும்; தேய்வதன் ஒரு வழியே அதுதான். ஒவ்வொரு கம்பியும் இரும்பின் மேல் படும்போது வளைகிறது, விலகியதும் நிமிர்கிறது. நிமிடத்துக்கு சுமார் 2,900 சுற்றுகள் சுழலும் பெஞ்ச் கிரைண்டரில் பத்து நிமிடம் வேலை செய்தால், தொடர்ந்து படும் ஒரு கம்பி 29,000 முறை வளைந்து நிமிர்ந்திருக்கும். பேப்பர் கிளிப்பை முன்னும் பின்னும் வளைத்துக்கொண்டே இருந்தால் ஒரு கட்டத்தில் முறிவதுபோல, உலோகச் சோர்வால் இந்தக் கம்பியும் முறிகிறது. நாம் எவ்வளவு அழுத்துகிறோமோ அவ்வளவு கூர்மையாக அது வளைகிறது. அவ்வளவு சீக்கிரம் முறிகிறது.

இதைப் புரிந்துகொண்ட பின் என் வேலை முறையில் முதலில் மாறியது அழுத்தம்தான். துருவை நீக்குவது கம்பியின் நுனி. அதன் பக்கவாட்டு அன்று. அழுத்தினால் கம்பிகள் படுத்துக்கொண்டு பக்கவாட்டால் தடவுகின்றன: வேலை குறைகிறது, உதிர்வு கூடுகிறது. நுனி மட்டும் தொடும்படி லேசாகப் பிடித்தால், முதலில் மெதுவாகத் தோன்றினாலும் துரு சுத்தமாக வருகிறது. வீல் மழுங்கிவிட்டது என்று இன்னும் பலமாக அழுத்தத் தோன்றும் கணம்தான் நிறுத்த வேண்டிய கணம். பெஞ்ச் கிரைண்டரில் என்றால், மின்சாரத்தைத் துண்டித்துவிட்டு வீலைக் கழற்றித் திருப்பி மாட்டினால், ஒரே பக்கமாகச் சாய்ந்துபோன கம்பிகள் எதிர்த்திசையில் மீண்டும் கூர்மையாக வேலை செய்யும்.

கையில் பிடித்து ஓட்டும் ஆங்கிள் கிரைண்டருக்கு வந்தால் கணக்கு இன்னும் கடுமையாகிறது. 150 மி.மீ. வீல் பெஞ்ச் கிரைண்டரில் சுழலும்போது அதன் விளிம்பின் வேகம் நொடிக்கு ஏறக்குறைய 23 மீட்டர், அதாவது மணிக்கு 80 கிலோமீட்டரைச் சற்றுத் தாண்டும். 115 மி.மீ. வீல் ஆங்கிள் கிரைண்டரில் நிமிடத்துக்கு 11,000 சுற்றுகள் சுழன்றால், விளிம்பின் வேகம் நொடிக்கு 66 மீட்டர். மணிக்கு 238 கிலோமீட்டர். அந்த வேகத்தில் கம்பியின் நுனி, தன் எடையைப் போல ஏழாயிரம் மடங்குக்கும் மேற்பட்ட விசையால் வெளியே இழுக்கப்படுகிறது. பெஞ்ச் கிரைண்டரில் இது எழுநூறு மடங்கு அளவில்தான் இருக்கும். சிறிய வீல்தானே என்று கையில் எடுக்கும் ஆங்கிள் கிரைண்டர், மேசையில் திருகி வைத்த பெரிய எந்திரத்தைப் போலப் பத்து மடங்கு விசையோடு கம்பியை வெளியே இழுக்கிறது என்பது கணக்குப் போட்டுப் பார்த்தபோதுதான் எனக்கே உறைத்தது.

ஆகவே, வீலின் மேல் அச்சிட்டிருக்கும் அதிகபட்ச வேகம் ஏதோ அலங்காரத்துக்கான எண் அன்று. அது எந்திரத்தின் வேகத்தைவிடக் குறைவாக இருக்கக் கூடாது. டிரில்லில் மாட்டுவதற்கென்று தண்டோடு வரும் சிறிய பிரஷ்கள் பல, நிமிடத்துக்கு 4,500 சுற்று அல்லது அதற்கும் கீழான வேகத்துக்கே செய்யப்பட்டவை. தண்டு பொருந்துகிறது என்பதற்காக அதை 25,000 சுற்றுகள் ஓடும் டை கிரைண்டரில் மாட்டினால், கம்பிகள் உதிர்வதோடு நிற்காது, தண்டே வளைந்து பிரஷ் முழுவதும் பறக்கும். திருகுமரையும் அப்படியே: எம்10, எம்14 என்று எந்திரத்துக்கு எந்திரம் அதன் அளவு மாறுகிறது, இரண்டு சுற்று ஏறியதும் இறுகிக்கொள்ளும் ஒன்றை வலுக்கட்டாயமாக ஏற்றிவிடலாம் என்று நினைப்பதற்கு இங்கே இடமே இல்லை.

பழைய வீல்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஈரத்தில் கிடந்து துருப்பிடித்த வீலை, அதுவும் துருவை நீக்கும் கருவிதானே என்று நான் பயன்படுத்தியிருக்கிறேன். துரு கம்பியின் மேல் சிறு குழிகளைத் தோண்டுகிறது, ஒவ்வொரு குழியிலும் முறிவு தொடங்குகிறது. அப்படிப்பட்ட மூன்று வீல்களை அன்று மாலையே தூக்கி எறிந்தேன். புதிய வீலாக இருந்தாலும், கல்லுக்கு அப்பா காட்டும் அதே மரியாதையை இப்போது நான் இதற்கும் காட்டுகிறேன்: மாட்டியதும் ஒதுங்கி நின்று ஒரு நிமிடம் சும்மா ஓடவிடுகிறேன். சரியாகப் பிடிக்கப்படாத கம்பிகளில் பல அந்த ஒரு நிமிடத்திலேயே கழன்று போய்விடும். எந்திரம் வழக்கத்துக்கு மாறாக அதிர்ந்தால், சமன் குலைந்திருக்கிறது என்று பொருள். அதோடு வேலை செய்வதில்லை.

கண்ணாடியும் அதன் ஓரங்களும்

பாதுகாப்புக் கண்ணாடி அணிந்திருந்த நாளில்தான் என் கண்ணில் அன்று குத்தியது. இதைச் சொன்னால் பலர் நம்புவதில்லை. நெடுங்காலம் நடைமுறையில் இருந்த ஐரோப்பிய தரமான இஎன் 166-இன்படி, மூக்கில் அமரும் கண்ணாடிகளில் மிக உறுதியானது ‘எஃப்’ குறியுடையது. 6 மி.மீ. விட்டமுள்ள எஃகுக் குண்டு நொடிக்கு 45 மீட்டர் வேகத்தில் மோதினாலும் அது தாங்க வேண்டும். கண்ணைச் சுற்றி அழுந்தி மூடும் காகிள்ஸ் ‘பி’ குறி வரை, நொடிக்கு 120 மீட்டர் வரை போகலாம். முகம் முழுவதையும் மறைக்கும் ஃபேஸ் ஷீல்டு ‘ஏ’ குறியோடு 190 மீட்டர் வரை தாங்கலாம். அந்தக் குண்டோடு ஒப்பிட்டால் ஒயர் வீலின் கம்பி எடையே இல்லாதது. ஆகவே சாதாரணப் பாதுகாப்புக் கண்ணாடியை அது துளைத்துவிடும் என்று நான் அஞ்சவில்லை. அஞ்ச வேண்டியது கண்ணாடிக்கும் கன்னத்துக்கும் இடையே இருக்கும் வழியை. கம்பி நேராக மட்டும் வருவதில்லை. எந்திரத்தின் காப்பு மூடியில் பட்டு, பலகையில் பட்டு, சுவரில் பட்டு, கீழிருந்தும் பக்கத்திலிருந்தும் வருகிறது.

அதனால் இப்போது முகத்தோடு ஒட்டி அமரும் கண்ணாடியை முதலில் அணிந்து, அதன் மேல் ஃபேஸ் ஷீல்டையும் அணிகிறேன். இரண்டில் ஒன்று போதாது. ஃபேஸ் ஷீல்டு மட்டும் இருந்தால், குனியும்போது மோவாய்க்குக் கீழே திறந்துகொள்ளும் இடைவெளி நேராகக் கண்ணுக்கு வழிவிடுகிறது. கண்ணாடி மட்டும் இருந்தால் உதடும் கழுத்தும் வெளியே நிற்கின்றன. இன்னொன்றையும் பழக்கிக்கொண்டேன். சுவிட்சை அணைத்தவுடன் முகத்திலிருந்து எதையும் கழற்றுவதில்லை. பெஞ்ச் கிரைண்டர் அணைத்த பிறகும் நெடுநேரம் சுழன்றுகொண்டிருக்கும். கடைசிச் சுற்றிலும் கம்பி உதிரலாம். கழற்றும்போது கண்களை மூடிக்கொண்டு, தலையை முன்னால் சாய்த்துக் கழற்றுகிறேன். புருவத்திலும் நெற்றியிலும் தங்கிய தூள் கண்ணுக்குள் விழும் தருணம் பெரும்பாலும் அதுதான்.

கண்ணில் பட்டுவிட்டால் நான் செய்தது தவறு என்பதையும் இங்கே எழுதியாக வேண்டும். தளர்வாக ஒட்டியிருக்கும் தூசி தண்ணீரில் போகலாம். ஆனால் இரும்புத் துணுக்கு கருவிழியில் பதிந்துவிட்டால் சில மணி நேரத்திலேயே அதைச் சுற்றித் துருவளையம் படியத் தொடங்கும். துணுக்கை எடுத்த பிறகும் அந்த வளையத்தை மருத்துவர் தனியாகச் சுரண்டி எடுக்க வேண்டியிருக்கும். கூரிய கம்பி கண்ணைத் துளைத்து உள்ளே போயிருந்தால், காயம் மிகச் சிறியதாக, தானே மூடிக்கொண்டுவிடுவதால், வலியே பெரிதாகத் தெரியாமல் போகலாம். உள்ளே தங்கிய இரும்பு விழித்திரையை மெல்ல நஞ்சாக்கும். ஆகவே உறுத்தல் அடங்கிவிட்டது என்பது நலம் என்பதற்குச் சான்று அன்று. வேகமாக வந்த எதுவும் கண்ணில் பட்டால், கசக்காமல், குத்தி நிற்பதைப் பிடுங்காமல், அழுத்தம் படாதபடி ஒரு காகிதக் கிண்ணத்தையோ அதுபோன்ற ஒன்றையோ மேலே கவிழ்த்துக்கொண்டு, அன்றே கண் மருத்துவரிடம் போக வேண்டும்; உலோக வேலையின்போது பட்டது என்பதையும் அவரிடம் சொல்ல வேண்டும். நான் போகவில்லை. இரண்டு ஆண்டுகளுக்குப் பின் எக்ஸ்ரே நல்லபடியாக வந்தது என் திறமையால் அன்று.

பிடுங்கிக்கொள்ளும் சக்கரம்

கம்பி பறப்பதற்கு அடுத்தபடியாக என்னை அச்சுறுத்துவது, வீல் பொருளைப் பிடுங்குவது. பெஞ்ச் கிரைண்டரில் வீலின் முன்பக்கம் மேலிருந்து கீழாக நம்மை நோக்கிச் சுழல்கிறது. பொருளை வீலின் நடுமட்டத்துக்குச் சற்றுக் கீழே காட்டினால், பிடுங்கப்பட்டாலும் அது தரையை நோக்கிப் போகும். மேலே காட்டினால் பிடுங்கப்பட்டு நம்மை நோக்கியே எறியப்படலாம். விளிம்புகளில்தான் ஆபத்து அதிகம். பொருளின் மேல்விளிம்பு வீலை எதிர்கொண்டு நிற்கும்படி பிடித்தால் கம்பிகள் அந்த விளிம்பில் மாட்டிக்கொள்கின்றன. விளிம்பைத் தாண்டி வெளியே ஓடும்படி பிடித்தால் வழுக்கிக்கொண்டு போகின்றன. ஆகவே ஒரு தகட்டின் பாதியைத் துலக்கியதும், மறுபாதிக்கு அதைத் தலைகீழாகத் திருப்பிப் பிடிக்க வேண்டும். போல்ட், சாவி, சங்கிலித் துண்டு போன்றவற்றை விரலால் பிடித்துக் காட்டுவதை முற்றிலும் விட்டுவிட்டேன். பூட்டிக்கொள்ளும் பிளையரில் இறுக்கிப் பிடிக்கிறேன். ஒயர் வீலுக்கு முன்னால் தாங்கியையும் வைப்பதில்லை. சிறிய பொருள் அந்த இடுக்குக்குள் இழுக்கப்பட்டால் அதன் பின்னால் விரல் போவதற்கு ஒரு கணம் போதும்.

ஆங்கிள் கிரைண்டரில் பிடுங்கப்படுவது பொருள் அன்று, எந்திரமே. முறுக்கிய கம்பிக் கற்றைகள் கொண்ட வீல், தடித்த துருவுக்கும் வெல்டிங் கசடுக்கும் நல்லது. ஆனால் ஒரு மூலையில் மாட்டினால் எந்திரத்தைக் கையிலிருந்து உதறிவிடும். பக்கப் பிடியைக் கழற்றிவிட்டு ஒரு கையால் ஓட்டுவதும், இடம் போதவில்லை என்று காப்பு மூடியை எடுத்துவிடுவதும், பொருளை ஒரு காலால் மிதித்துக்கொண்டு துலக்குவதும் நான் செய்திராதவை அல்ல. விரலை எடுத்ததும் நின்றுவிடும் சுவிட்ச் உள்ள எந்திரத்தையே இந்த வேலைக்கு வைத்துக்கொள்ள வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. அழுத்திப் பூட்டிவிடும் சுவிட்சோடு கையை விட்டு நழுவிய கிரைண்டர், தரையில் விழுந்தும் சுழன்றுகொண்டே உங்களைத் தேடி வரும்.

கையுறையைப் பற்றி ஒரே பதில் சொல்ல முடியாது. இரண்டு கைகளும் பிடிகளில் இருக்கும் ஆங்கிள் கிரைண்டருக்கு, கையோடு பொருந்தும் தோல் கையுறை நல்லது. கை சக்கரத்தை நெருங்கும் பெஞ்ச் கிரைண்டரிலோ, தளர்ந்த கையுறையின் ஒரு நுனி மாட்டினால் கையையே உள்ளே இழுத்துவிடும். அங்கே பிளையர்தான் என் கையுறை. பின்னல் ஆடை, தொங்கும் நாடா, முழுக்கைச் சட்டையின் திறந்த மணிக்கட்டு, கழுத்துத் துண்டு, முடியாத கூந்தல், மோதிரம் ஆகிய எதுவும் அந்த அறைக்குள் வரக் கூடாது. தோல் ஏப்ரனின் நாடாவை முன்பக்கம் முடிச்சிடாமல் முதுகுப்பக்கம் கட்டிச் செருகிக்கொள்கிறேன்.

துலக்கும்போது எழும் தூசி, கண்ணுக்குத் தெரியாத இன்னொரு வேலையைச் செய்கிறது. பழைய இரும்புப் பொருள்களின் அடிப்பூச்சில் செவ்வீயம் இருந்திருக்கலாம். பழைய மஞ்சள், ஆரஞ்சு வண்ணங்களில் ஈயம் இருந்திருக்கலாம். பழைய போல்ட்டுகளின் மஞ்சள் பளபளப்பு காட்மியமாக இருக்கலாம். இவற்றின் மேல் ஒயர் வீலை வைப்பது நஞ்சை மாவாக அரைத்து வீடு முழுக்கத் தூவுவதற்குச் சமம். வண்ணத்தின் வயது தெரியாதபோது அதை வீலால் தொடுவதில்லை என்று முடிவெடுத்திருக்கிறேன். ஈரத்தோடு சுரண்டியோ, வண்ணநீக்கி தடவியோ எடுத்துவிடுகிறேன். வெறும் துருவுக்கும் நல்ல வடிகட்டியுள்ள, மூக்கோடு ஒட்டி அமரும் முகமூடி வேண்டும். அலுமினியத்தைத் துலக்கிய தூளும் இரும்புத் துருவின் தூளும் ஒரே இடத்தில் சேரவிடக் கூடாது. அவை இரண்டும் கலந்தால் ஒரு பொறி பட்டாலே கடுமையாகப் பற்றி எரியும் கலவையாகிவிடும்.

இதையெல்லாம் யோசித்தபின் எழுந்த கேள்வி, இத்தனை வேலைகளுக்கு ஒயர் வீல் உண்மையில் தேவைதானா என்பது. என் பட்டறையைப் பொறுத்தவரை, பாதி வேலைகளுக்குத் தேவையில்லை. சிட்ரிக் அமிலக் கரைசலில் ஓரிரவு ஊறவைத்த ரம்பமும் திருப்புளியும் மறுநாள் கைப்பிரஷால் தேய்த்தாலே துருவை விட்டுவிடுகின்றன. கடினப்படுத்திய ஸ்பிரிங் போன்றவற்றை மட்டும் அமிலத்தில் போடுவதில்லை, ஹைட்ரஜன் ஊடுருவி நொறுங்கும் தன்மை வந்துவிடும். பெரிய பொருளுக்குச் சலவைச் சோடாக் கரைசலில் மின்னாற்பகுப்பு செய்கிறேன்: பொருள் எதிர்முனையில், தானே அரிபட்டுப் போகவிடும் தகடு நேர்முனையில். அந்தத் தகடு சாதாரண இரும்பாக இருக்க வேண்டும். ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் என்றால் கரைசலில் நச்சுத்தன்மையுள்ள குரோமியம் சேரும். ஹைட்ரஜன் வெளியேறுவதால் திறந்த வெளியில்தான் செய்ய வேண்டும். முன்பு ஒயர் வீலை எடுத்ததற்குக் காரணம், அதுவே சிறந்த வழி என்பதன்று. அது ஏற்கெனவே மேசையில் மாட்டியிருந்தது என்பதுதான்.

மீதிப் பாதிக்கு வீல் இன்னும் சுழல்கிறது. எந்திரத்தின் இருபுறமும் பின்புறமும் தடித்த கித்தான் திரைகளைத் தொங்கவிட்டிருக்கிறேன். கதவுக்கு உட்புறம் ஓர் ஆணியில் இரண்டாவது ஃபேஸ் ஷீல்டும் கண்ணாடியும் தொங்குகின்றன. முக்காலி கதவுக்கு வெளியே போய்விட்டது. மாற்றத்தைக் கண்டதும் அப்பா ஒன்றும் கேட்கவில்லை. அந்தப் படத்தாளை எடுத்து அவரிடம் காட்டினேன். கதவருகே இருந்த ஐந்து புள்ளிகளின் மேல் விரலை வைத்து, இது என் இடம்தானே என்றார். ஆமாம் என்றேன். ஜன்னல் சட்டத்திலிருந்து பிடுங்கிய கம்பியை உள்ளங்கையில் வாங்கி, நெடுநேரம் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அதன் பிறகு உள்ளே வரும்போதெல்லாம் ஆணியில் தொங்குவதை எடுத்து மாட்டிக்கொண்டுதான் வருகிறார்.

மாதத்துக்கு ஒருமுறை காந்தத்தோடு அறையைச் சுற்றுவதை வழக்கமாக்கியிருக்கிறேன். சென்ற முறை கிடைத்தவை 9 கம்பிகள். எட்டு, திரைகளுக்கு உட்புறம் கிடந்தன. ஒன்று, ஏப்ரனின் மார்புப் பகுதியில் தோலுக்குள் பாதி புகுந்து நின்றது.